படகு எஞ்சின் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து கோளாறைத் தேடும் வழி

பினாங்கில் சொந்தமாகப் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் தூண்டில்காரர்கள். பின்னால் மாட்டும் 15 முதல் 60 குதிரைத்திறன் எஞ்சின், 16 அல்லது 18 அடி ஃபைபர் படகு, வார இறுதியில் பூலாவ் ஜெரெஜாக் பக்கமோ பூலாவ் கெண்டி பக்கமோ ஒரு சுற்று. இந்த எஞ்சின்களில் வரும் கோளாறுகள் ஏழெட்டுதான். அவையே திரும்பத் திரும்ப வரும். படகுத்துறையில் ஒருவர் எஞ்சின் மூடியைக் கழற்றினால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள். "கார்புரேட்டர்தான்", "இல்லண்ணே, காயில் போயிருக்கு", "பழைய எஞ்சின், வித்துட்டு வேற வாங்கு" என்று ஆளுக்கொரு தீர்ப்பு வரும். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அத்தனை தீர்ப்பும் விலை கூடிய பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. தேட வேண்டிய வரிசை அதற்கு நேரெதிர். காசே செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிவதை அடுத்துப் பாருங்கள், ஃபோர்மன் (மெக்கானிக்) கை வைக்க வேண்டியதைக் கடைசியில் வையுங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்த வரிசைதான்.

## எஞ்சின் நின்றது கடலிலா? முதலில் நங்கூரம்

மூடியைத் திறக்கும் முன் நங்கூரத்தைப் போடுங்கள். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஃபெர்ரியும் கொள்கலன் கப்பலும் போகும் வழியில், நீரோட்டம் உங்களைக் கேட்டு இழுக்காது. குனிந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் படகு எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அடியில் சேறு என்பதால் நங்கூரம் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும்; காற்று இருந்தால் ஏழு மடங்கு. எல்லோரும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்ளட்டும்.

அடுத்து மேற்கே பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வரும். நாம் கிளம்புவதும் அதே நேரம்தான். கரும்மேகம் வரிசைகட்டி நின்றாலோ, இருட்டத் தொடங்கிவிட்டாலோ, படகில் பிள்ளைகள் இருந்தாலோ, முதலில் உதவியைக் கூப்பிடுங்கள், கோளாறை அப்புறம் தேடலாம். கைத்தொலைபேசியில் 999, விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். உதவி வருவதற்குள் எஞ்சின் பிடித்துவிட்டால், சரியாகிவிட்டது என்று திரும்பச் சொல்லிவிடுங்கள். அதில் தவறொன்றும் இல்லை.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பானர், புது ஸ்பார்க் பிளக்குகள், உபரி ஃபியூஸ், வோல்ட் மீட்டர், உபரி சிவப்புக் கயிறு (கழன்றால் எஞ்சினை அணைத்துவிடும் பாதுகாப்புக் கயிறு), குறடு, தடித்த மீன்பிடி நரம்பு ஒரு முழம், பெட்ரோல் ஃபில்டர் ஒன்று, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ஒரு போத்தல். இவ்வளவும் ஒரு சிறிய டப்பாவில் அடங்கிவிடும்.

## அறிகுறி 1: சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

கியர் எங்கே இருக்கிறது? நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. லீவர் பார்ப்பதற்கு நடுவில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், உள்ளே கம்பி கொஞ்சம் விலகியிருக்கலாம். லீவரை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தபடியே சாவியைத் திருப்பிப் பாருங்கள். எங்கோ ஒரு புள்ளியில் எஞ்சின் சுற்றினால், கோளாறு கியர் கம்பியின் அளவில் இருக்கிறது. பேட்டரியைத் தொட வேண்டாம்.

பேட்டரி சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். படகைக் கழுவியவர் அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

பேட்டரி முனைகள். நம் துறைகளில் நான் பார்த்த "பேட்டரி செத்துப்போச்சு" கதைகளில் பாதிக்கு மேல் முனைகளோடு முடிந்துவிட்டன. ஒரு தம்பி புது பேட்டரி வாங்கி வந்து மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பேட்டரி நேத்துதான் வாங்கினேன். ஆனா டிக்குனு ஒரு சத்தம், அதோட சரி."

"வயரைப் பிடிச்சு ஆட்டிப் பாரு."

"ஆடுதுண்ணே."

"அப்ப பழைய பேட்டரி எங்க? அதையும் தூக்கிப் போட்டுட்டியா?"

இறக்கை நட்டுகள் அலையின் அதிர்வில் தளரும். அவற்றை எடுத்துவிட்டு, ஸ்பானர் போட்டு முறுக்கும் சாதாரண நட்டுகளை மாட்டுங்கள். முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். எதிர்முனை வயரை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும்.

வோல்ட் மீட்டர் என்ன சொல்கிறது? ஓய்வில் 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 பக்கம் பாதி. 12-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது. இன்னும் சரியான சோதனை, சாவியைத் திருப்பும் அந்த நொடியில் பார்ப்பது. எண் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். 12-க்கு மேலேயே நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் சுற்றவில்லை என்றால், மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. எஞ்சின் மூடிக்குள் இருக்கும் முதன்மை ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் வேறொன்று போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் நிறுத்திவிடுங்கள். எங்கோ வயர் உரசுகிறது.

ஒரே ஒரு 'டிக்'. பேட்டரியும் முனைகளும் சரியாக இருந்து 'டிக்' மட்டும் வந்தால் சொலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அல்லது ஸ்டார்ட்டர். கரை திரும்புவதற்கு ஒரு வழி: ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்பானரின் கைப்பிடியால் ஸ்டார்ட்டரின் உடம்பில் லேசாகத் தட்டலாம். சிக்கிய பிரஷ் சில நேரம் விடுபடும். சிறிய எஞ்சின்களில் மேலே சக்கரத்தில் கயிறு சுற்றி இழுக்கலாம். அப்படிச் செய்யும்போது கியர் கட்டாயம் நியூட்ரலில் இருக்க வேண்டும். அந்த வழியில் எஞ்சினுக்கு வேறு காவல் கிடையாது. பின்னால் யாரும் நிற்கக்கூடாது. எஞ்சின் பிடித்த பிறகு சுழலும் சக்கரத்தின் மேல் மூடியைப் போடப் போகாதீர்கள்.

ஃபோர்மனுக்கு எப்போது? ஸ்டார்ட்டரைத் தட்டி ஒருமுறை ஓட்டிவிட்டால், அடுத்த பயணத்துக்கு முன் அதைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது தட்டலை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

## அறிகுறி 2: எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

சிவப்புக் கயிறு. அதன் முனையில் உள்ள கொக்கி கழன்றிருந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், ஆனால் பொறி வராது. பேட்டரி தீரும்வரை சுற்றிவிட்டு அப்புறம் கொக்கியைப் பார்ப்பவர்கள் உண்டு. எப்போதும் இதுதான் முதல் பார்வை.

டாங்கி மூடியின் காற்றுத் திருகு. கையடக்க டாங்கியின் மூடியில் உள்ள சிறு திருகைத் திறக்காவிட்டால் உள்ளே காற்று புகாது, பெட்ரோல் வெளியே வராது. டாங்கி உள்பக்கம் ஒடுங்கிக் கிடந்தால் காரணம் அதுதான்.

ரப்பர் கைப்பம்பு. அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் பக்கத்து முனையை மேலாகப் பிடித்து அழுத்துங்கள். சில அழுத்தில் கெட்டியாகிவிட வேண்டும்.

- எவ்வளவு அழுத்தினாலும் மெத்தென்றே இருந்தால்: டாங்கியில் பெட்ரோல் இல்லை, அல்லது இணைப்பில் காற்று புகுகிறது, அல்லது பம்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. இணைப்பியின் உள்ளே ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருந்தால் காற்று இழுக்கும். மிக மலிவான பொருள்.
- அழுத்தியதும் ஒட்டிப்போய்த் திரும்ப உப்பாவிட்டால்: டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் வலை அடைத்திருக்கிறது, அல்லது காற்றுத் திருகு இன்னும் மூடியிருக்கிறது.
- கெட்டியாகிவிட்டது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்: பெட்ரோல் எஞ்சின்வரை வந்துவிட்டது. அடுத்த படிக்குப் போங்கள்.

பெட்ரோல் வாடை பலமாக அடிக்கிறதா? சோக்கை இழுத்து இழுத்து எஞ்சினை மூழ்கடித்திருப்பீர்கள். சோக்கை உள்ளே தள்ளிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நியூட்ரலில் திராட்டிலை முழுக்கத் திறந்து சுற்றுங்கள். பிடித்ததும் உடனே குறைக்க வேண்டும். இது கார்புரேட்டர் எஞ்சினுக்கான வழி. எலக்ட்ரானிக் ஊசிமுறை எஞ்சினுக்கு அதன் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

பெட்ரோலில் தண்ணீர். பினாங்கு மழையில் மூடி சரியாக இறுகாத டாங்கி ஒரு வாரம் திறந்தவெளியில் கிடந்தால் போதும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி உள்ளதைத் தெளிந்த போத்தலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். தண்ணீர் கீழே தங்கும், பெட்ரோல் மேலே நிற்கும், நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். கோடு தெரிந்தால் டாங்கியை முழுக்கக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து வடிக்க வேண்டும். டாங்கியை மட்டும் மாற்றிவிட்டுக் கார்புரேட்டரை விட்டால், அதே கோளாறு அடுத்த நாளும் காத்திருக்கும்.

ஸ்பார்க் பிளக். கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது போதவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. மேலே போய்த் திரும்பப் பாருங்கள். கருத்த பிளக்கைத் தேய்த்துப் போடுவதைவிடப் புதியதைப் போட்டு விடையைத் தெரிந்துகொள்வது மேல். பொறி சோதிக்கும்போது பிளக்கைத் துளைக்கருகில் பிடிக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி நிற்கும். பொறி காட்டும் சிறிய கருவி கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

ஃபோர்மனுக்கு எப்போது? எல்லா சிலிண்டரிலும் பொறியே இல்லை, கயிறும் சரி, ஃபியூஸும் சரி என்றால், அது சுருள் (காயில்), சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி), வயரிங் சம்பந்தப்பட்டது. ஊகத்தில் பாகம் வாங்கி மாற்றிக்கொண்டே போகாதீர்கள். மின்பாகம் பெரும்பாலும் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

## அறிகுறி 3: பிடிக்கிறது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எஞ்சின் தள்ளாடத் தொடங்கும்போது ஒருவரை ரப்பர் கைப்பம்பை அழுத்தச் சொல்லுங்கள்.

அழுத்தினால் உயிர் வருகிறது. பெட்ரோல் போதிய வேகத்தில் வரவில்லை. காற்றுத் திருகு, ஃபில்டர், மடங்கிய ஹோஸ், இணைப்பி வளையம், கடைசியாக எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பின் சவ்வு என்ற வரிசையில் பாருங்கள். ஹோஸின் உள்சுவர் உரிந்து உள்ளேயே மடங்கிக் கிடப்பதும் உண்டு. வெளியே பார்த்தால் புதிதுபோல இருக்கும். சந்தேகம் வந்தால் ஹோஸை முழுசாக மாற்றிவிடுங்கள்.

அழுத்தினாலும் மாற்றமில்லை, வேகமாக ஓடும்போது நன்றாக இருக்கிறது, மெதுவாக விட்டால் நிற்கிறது. கார்புரேட்டரின் மெதுவோட்டத் துளை அடைத்திருக்கிறது. பல வாரம் ஓட்டாமல் வைத்த எஞ்சினுக்கு வரும் வியாதி இது. கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் வற்றிப் பசையாகிறது. கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தால் செய்யலாம். துளைக்குள் கம்பி விடாமல், கார்புரேட்டர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். அடுத்த முறை வராமலிருக்க, பயணம் முடிந்து நல்ல தண்ணீரில் கழுவும்போதே ஹோஸைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிடுங்கள். ஊசிமுறை எஞ்சினில் இப்படிச் செய்ய வேண்டாம்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய். அதுவும் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று எழுதிய படகு எண்ணெய். மோட்டார்சைக்கிளின் 2டி எண்ணெய் காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஆனது. மலிவு என்று அதை ஊற்றினால் உள்ளே கரி கட்டும்.

## அறிகுறி 4: எஞ்சின் தண்ணீர் பீய்ச்சவில்லை, அல்லது சூட்டு அலாரம் அடிக்கிறது

மற்ற கோளாறு எல்லாம் பயணத்தைக் கெடுக்கும். இது எஞ்சினையே கெடுக்கும். அதனால்தான் எஞ்சின் பிடித்தவுடன் திரும்பிப் பார்த்து, பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் உடனே அணையுங்கள். "கொஞ்சம் ஓடட்டும், வந்துடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் பிளாஸ்டிக் பை. எஞ்சினைத் தூக்கி, கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். நம் கடலில் மிதக்கும் பைகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். எடுத்ததைக் கடலில் வீசாமல் படகிலேயே வையுங்கள், இன்னொருவர் எஞ்சினுக்குப் போய்ச் சேரும்.

சேறு. ஜெரெஜாக்கைச் சுற்றியும் பத்து மாவுங் பக்கமும் நீர் வற்றும் நேரத்தில் அடி தட்டும். பெரிய வற்று நாட்களில் நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் இறங்குகிறது. காலையில் தாராளமாகப் போன வழி, திரும்பும்போது சேறாக இருக்கும். பின்னால் தண்ணீர் பழுப்பாகக் கலங்கினால் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி மெதுவாக வெளியேறுங்கள். சல்லடை மட்டும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

பீய்ச்சும் துளையே அடைத்திருக்கலாம். உப்புக் கட்டியோ, வீட்டு முற்றத்தில் நிறுத்திய படகென்றால் குளவிக் கூடோ. எஞ்சினை அணைத்துவிட்டு, தடித்த மீன்பிடி நரம்பைத் துளைக்குள் விட்டுக் குடையுங்கள். கம்பி வேண்டாம், உள்ளே ரப்பர் குழாய் கிழியும். திரும்ப ஓட்டியதும் சிறு துண்டுகளோடு தண்ணீர் பாய்ந்தால் வேலை முடிந்தது.

பீய்ச்சுகிறது, ஆனால் மெலிந்து. வேகம் கூட்டினாலும் தண்ணீரின் விசை கூடவில்லை என்றால் இம்பெல்லர், அதாவது தண்ணீரை மேலேற்றும் பம்பின் ரப்பர் சக்கரம்.

பழைய இம்பெல்லரைக் கையில் வைத்துப் பார்த்தால் மறுபேச்சே தேவைப்படாது. புதியதின் ரப்பர் இதழ்கள் நேராக நிற்கும். விரலால் வளைத்துவிட்டால் உடனே நிமிரும். பழையதில் எல்லா இதழும் ஒரே பக்கம் படுத்து அப்படியே இறுகியிருக்கும். இதழ் நடுக்கட்டையோடு சேரும் மூலையை நகத்தால் பிரித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரியும். அது சுழலும் கிண்ணத்தின் உட்சுவரில் மணல் உரசிய வரிகள் இருக்கும். நகம் அந்த வரியில் சிக்கினால் கிண்ணத்தையும் மாற்ற வேண்டும். இம்பெல்லரை மட்டும் மாற்றினால் அழுத்தம் வராது. இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு மேலே போய்த் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) பக்கமோ குழாயிலோ உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுக்காமல் மூடியை மாட்டக்கூடாது.

கையேடுகள் சொல்லும் கெடு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நம் சேற்று நீருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே சரி என்பது என் கருத்து. கீழ்ப்பகுதியைக் கழற்றித் தெரிந்தவர் வீட்டிலேயே செய்யலாம். மாட்டும்போது கிரீஸ் தடவி, எஞ்சின் சுழலும் திசையிலேயே தண்டைச் சுற்றியபடி கிண்ணத்தை இறக்குங்கள். தண்ணீர்க் குழாய் அதன் வாயில் சரியாக உட்கார்ந்ததா, கியர் தண்டு சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும்.

நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் அலாரம். இங்கேதான் பலர் "அலாரம் கெட்டுப்போச்சு" என்று வயரைப் பிடுங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல எஞ்சின்களில் பீய்ச்சும் தண்ணீர், தெர்மோஸ்டாட்டைத் தாண்டாமலேயே வெளியே வந்துவிடும். அது பம்ப் வேலை செய்கிறது என்று மட்டுமே காட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் உப்பு அப்பிக் கிடப்பது தெரியும். கழுவி, ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிநிலைக்கு வருவதற்கு வெகு முன்பே திறந்து, ஆறியதும் மூட வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள். கேஸ்கெட்டும் சேர்த்து வாங்குங்கள்.

ஃபோர்மனுக்கு எப்போது? தெர்மோஸ்டாட் இருந்த குழியில் உப்பு கல்லாக இறுகியிருந்தால், அல்லது எஞ்சின் ஒருமுறை ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாகியிருந்தால். அதன் பிறகு சிலிண்டரின் அழுத்தம் அளந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவினால் இந்த நிலைமை வருவது அரிது. காதுகவசம்போல் மாட்டும் ரப்பர் கிண்ணத்தில் கழுவினால் எஞ்சினை மெதுவோட்டத்தில் மட்டும் விடுங்கள். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கழுவு துளையில் குழாய் மாட்டினால் எஞ்சினை அணைத்தே வைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் "ஒரு நிமிஷம் சும்மா" ஓட்டிப் பார்ப்பது இம்பெல்லருக்கு எமன்.

## அறிகுறி 5: எஞ்சின் அலறுகிறது, படகு நகரவில்லை

புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றியிருக்கிறதா? வலைத்துண்டு, கயிறு, சாக்கு. எஞ்சினை அணைத்து, சிவப்புக் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் புரொப்பெல்லரைத் தொட வேண்டும்.

திருப்பத்திலும் அலையிலும் மட்டும் அலறுகிறதா? எஞ்சினின் சாய்வு அதிகம், அல்லது மாட்டிய உயரம் அதிகம். காற்றை இழுக்கிறது. சாய்வைக் குறைத்துப் பாருங்கள். ஆட்களைக் கொஞ்சம் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியையும் அவர்கள் முன்பக்கம் ஏற்றியிருப்பார்கள்.

நேராகப் போகும்போதும் அலறல், மெதுவாகப் போனால் சரி. புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது. நடுக்குழலிலிருந்து புரொப்பெல்லர் உடம்புவரை பெயின்ட்டால் ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் வழுக்கல் உறுதி. மெதுவோட்டத்தில் கரைக்கு வந்துவிடலாம். பாறையிலோ மரக்கட்டையிலோ அடிபட்ட பிறகுதான் பெரும்பாலும் வரும்.

மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் குறைந்தால் எஞ்சினைச் சந்தேகிக்காதீர்கள். தண்ணீரிலேயே கட்டிவைத்த படகின் அடியில் சிப்பி ஒட்டியிருக்கும். சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 6: கியர் எண்ணெயின் நிறம் மாறியிருக்கிறது

ஓட்டும்போது எதுவும் தெரியாது, அதனால்தான் பலர் பார்ப்பதில்லை. இரவு முழுக்க எஞ்சினை நேராக நிறுத்திவிட்டு, காலையில் கீழ்த் திருகைத் திறவுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் வடிந்து பிறகு எண்ணெய் வந்தால், அல்லது எண்ணெயே தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தால், உள்ளே கடல்நீர் போகிறது.

மலிவான காரணம் திருகுகளின் வளையங்கள். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் புதிதாகப் போட வேண்டும். நிரப்பும்போது கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் மேல்திருகை முதலில் மூடுங்கள், அப்புறம் கீழ்த்திருகு.

அடுத்த காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது: மீன்பிடி நரம்பு. புரொப்பெல்லரைக் கழற்றினால் தண்டைச் சுற்றிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ நரம்பு இறுகக் கிடக்கும். அது சூடாகி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும். பயணம் முடிந்து சில வாரத்துக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்து, கிரீஸ் பூசி மாட்டுவது பத்து நிமிட வேலை. சீல் போய்விட்டால் ஃபோர்மனிடம்தான். அழுத்தம் வைத்துச் சோதித்து எந்த சீல் என்று அவர் சொல்வார். தள்ளிப்போட்டால் கியரும் பேரிங்கும் துருப்பிடித்து, செலவு பல மடங்காகும்.

புரொப்பெல்லரைக் கழற்றிய கையோடு, பக்கத்தில் இருக்கும் சாம்பல்நிறத் துத்தநாகத் துண்டையும் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

## அறிகுறி 7: ஒவ்வொரு வாரமும் பேட்டரி இறங்கிவிடுகிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஏறியும் இறங்குகிறது என்றால் எங்கோ கசிவு. படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சில் குப்பை சிக்கி, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கலாம். மீன் காட்டும் கருவி, ரேடியோ ஆகியவற்றின் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போதும் 12.6-லேயே நின்றால், சார்ஜ் ஏற்றும் ரெக்டிஃபையரின் வேலை, அது ஃபோர்மனுக்கு.

## அறிகுறி 8: எஞ்சின் கடலில் மூழ்கிவிட்டது

கவ்வி தளர்ந்து விழுந்தாலும் சரி, படகு கவிழ்ந்தாலும் சரி, வெளியே எடுத்த பிறகுதான் துரு வேகமாகப் பிடிக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அவ்வளவு கெடுதல் இல்லை. அதனால் தூக்கி வெயிலில் காயவைப்பதுதான் மிக மோசமான செயல்.

உடனே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து நீரை வடியுங்கள். பிளக் துளைகளிலும் காற்று இழுக்கும் வாயிலும் எண்ணெய் அடியுங்கள். இதெல்லாம் ஃபோர்மன் வரும்வரை தாங்குவதற்காகத்தான். அன்றைக்கே கொண்டுபோக முடியாது என்றால், பெரிய தோம்பில் (பீப்பாயில்) நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சின் தலைப்பகுதியை அதிலேயே அமிழ்த்தி வையுங்கள். பார்ப்பவர் வியப்பார், ஆனால் காற்றுப்படாமல் இருப்பதே இங்கே முக்கியம்.

சாவியைப் போடாதீர்கள், கயிற்றையும் இழுக்காதீர்கள். ஃபோர்மனிடம் மூன்று விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள்: எப்போது விழுந்தது, எப்போது எடுத்தீர்கள், ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்ததா நின்றிருந்தபோதா. ஓடும்போது விழுந்திருந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அவர் எஞ்சினைச் சுற்றிப் பார்க்காமல் நேராகத் திறந்துதான் பார்ப்பார்.